மூச்சுத்திணறல் என்பது காரணமல்ல: மலக்குழி மரணங்களை வாசிப்பது எப்படி?

(டிசம்பர் 6 நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதல் காரணம் இன்றைய தேதி. கையால் மலம் அள்ளும் பணியில் ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம், 2013ஆம் ஆண்டில் இதே டிசம்பர் 6 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அண்ணலின் சிலைக்கு நாம் மாலை போடுகிற நாளும் அந்தச் சட்டத்தின் பிறந்த நாளும் ஒன்றுதான். இரண்டாவது காரணம், ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் உள்ளேயே இறந்துபோனார்கள். பிணவறை வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. கருமாதி முடிந்து சில வாரங்கள் கழித்து, இறந்தவர்களில் ஒருவரின் மனைவி கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அதிலிருந்த ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்து, பள்ளியில் அதற்குப் பொருளும் கேட்டு வந்திருந்தாள். அந்தச் சொல் 'அஸ்ஃபிக்ஸியா'. மூச்சுத்திணறல்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்துமாகூட கெடையாது. நல்லா இருந்த மனுசனுக்கு எப்படிக்கா மூச்சுத்திணறும்?" என்று கேட்டார் அவர்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் மருத்துவம் படித்தவள் அல்ல, சமூகவியல் படித்தவள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உடற்கூராய்வு அறிக்கைகளையும் தடயவியல் மருத்துவப் பாடநூல்களையும் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். வாசித்த பிறகு புரிந்தது இதுதான்: அந்தப் பெண் கேட்டது அறியாமையால் எழுந்த கேள்வி அல்ல. தடயவியல் மருத்துவம் தன் மாணவர்களைக் கேட்கச் சொல்கிற அதே கேள்வி அது. மூச்சுத்திணறல் என்பது ஒருவர் எந்த விதத்தில் செத்தார் என்பதைச் சொல்கிறது. எதனால் செத்தார் என்பதைச் சொல்வதில்லை. அந்த 'எதனால்' எழுதப்படாமல் போகும்போது வழக்கு போகிறது, இழப்பீடு போகிறது, அடுத்த சாவைத் தடுக்கும் வாய்ப்பும் போகிறது.

ஒரு சொல், பல சாவுகள்

'அஸ்ஃபிக்ஸியா' கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். அதன் நேர்ப்பொருள் 'நாடித்துடிப்பு இல்லை' என்பதுதான். மூச்சுக்கும் அந்தச் சொல்லின் வேருக்கும் தொடர்பே இல்லை. பொருத்தமில்லாத பெயர் என்று பாடநூல்களே ஒப்புக்கொள்கின்றன. இன்று அது ஒரு குடைச்சொல். அதன் கீழே நிற்கும் சாவுகளைப் பிரித்துப் பார்க்க, மூச்சு எப்படி வேலை செய்கிறது என்பதை நான்கு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. இது முதல் கண்ணி. அந்தக் காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகவேண்டும்; அதற்கு நெஞ்சு விரிந்து சுருங்க வேண்டும். இது இரண்டாவது. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து செல்ல வேண்டும். இது மூன்றாவது. கடைசியாக, செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்த ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தயாரிக்க வேண்டும். இது நான்காவது.

எந்தக் கண்ணி அறுந்தாலும் சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் மூளைச் செல்கள் சாகத் தொடங்கும். ஆனால் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைப் பொறுத்து, உடலில் கிடைக்கும் தடயமும் நாம் தேடவேண்டிய ஆளும் மாறுகிறார்கள்.

தூக்கு, கழுத்தை நெரித்தல், வாயையும் மூக்கையும் பொத்துதல், நீரில் மூழ்குதல், கூட்டநெரிசலில் நெஞ்சு அழுந்துதல் ஆகியவை இரண்டாவது கண்ணியைத் தாக்குபவை. தூக்கிலும் நெரிப்பிலும் கழுத்தின் இரத்தக்குழாய்களும் சேர்ந்து அடைபடுகின்றன. சாதி ஆணவக்கொலை என்று சந்தேகிக்கப்படும் சாவுகளிலும் காவல் நிலையச் சாவுகளிலும் நாம் சந்திக்கிற விவாதம் இங்கேதான் வருகிறது. தூக்கில் தொங்கியவரின் கழுத்துத் தடம் பெரும்பாலும் குரல்வளைக்கு மேலே, சாய்வாக, முடிச்சுப் பக்கத்தில் விட்டுப்போய் இருக்கும். கயிற்றால் நெரித்தால் தடம் பெரும்பாலும் கீழே, கிடைமட்டமாக, கழுத்தைச் சுற்றி முழுமையாக இருக்கும்; உள்தசைகளில் இரத்தக்கசிவும் குருத்தெலும்பு முறிவும் அதிகம் காணப்படும். 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து எந்த நேர்மையான மருத்துவரும் முடிவு சொல்லமாட்டார். கழுத்தை அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தாரா, படம் எடுத்தாரா, கயிறும் முடிச்சும் பாதுகாக்கப்பட்டதா என்பவைதான் நாம் கேட்கவேண்டியவை.

கரி அடுப்பும் ஜெனரேட்டரும் மூடிய அறைக்குள் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு மூன்றாவது கண்ணியைத் தாக்குகிறது. அது ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்கிறது. இப்படி இறந்தவரின் தோல் பெரும்பாலும் செந்நிறமாகத் தெரியும்.

மலக்குழி முதல் கண்ணியையும் நான்காவது கண்ணியையும் ஒரே நேரத்தில் அறுக்கிறது. அந்தப் பெண்ணின் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

குழிக்குள் நடப்பது என்ன?

மூடிய தொட்டிக்குள் மலமும் கழிவும் காற்றில்லாமல் அழுகும்போது பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா ஆகியவற்றை வெளிவிடுகின்றன. மீத்தேனுக்கு மணம் கிடையாது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால், தீக்குச்சி கிழித்ததும் வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அடியில் தேங்கி நிற்கும். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனாலே அந்த இடம் பாதுகாப்பற்றது என்கின்றன தொழிலகப் பாதுகாப்பு விதிகள். 10 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தால் நினைவு தப்பும். 6 விழுக்காட்டுக்குக் கீழே சில மூச்சுகளே போதும்.

இவற்றில் மிகக் கொடியது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். 'நாற்றம் வந்தால் வெளியே வந்துவிடலாமே' என்று அதிகாரிகள் கேட்பது இதனால்தான். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டும்போது மூக்கின் மணம் அறியும் நரம்பு செயலிழந்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று தொழிலாளி நினைக்கும் அதே நொடியில்தான் அது உயிரைப் பறிக்கும் அளவை நோக்கிப் போகிறது. உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் குறிப்பிடுவதும் இதே 100தான்.

300, 500 என்று ஏறும்போது நுரையீரலில் நீர் கோக்கிறது. 700 முதல் 1000 வரை போனால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுகிறார். ஆயிரம் என்றால் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும்தான். இந்த வாயு செல்லுக்குள் போய், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிறது. சயனைடு செய்யும் அதே வேலை. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஏணியில் நின்றவர் கத்தக்கூட நேரமில்லாமல் கீழே விழுவது இதனால்தான். ஆரோக்கியமான நுரையீரல் இங்கே உதவாது. ஆஸ்துமா இல்லாத, நன்றாக மூச்சிழுக்கும் உழைப்பாளி இன்னும் ஆழமாக இழுப்பார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து சிறிது நேரம் விட்டதால் குழி பாதுகாப்பானதாகிவிடாது. வாயுவின் பெரும்பகுதி மேலே நிற்பதில்லை. கசடுக்குள் கரைந்தும் அடைபட்டும் கிடக்கிறது. தொழிலாளி உள்ளே இறங்கிக் கசடைக் கிளறும்போதுதான் அது கொப்பளித்து வெளியே வருகிறது. கரப்பான் பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று பார்ப்பது, எரியும் தீக்குச்சியைப் போட்டுப் பார்ப்பது போன்றவை அனுபவத்தில் பிறந்த சோதனைகள். கிளறுவதற்கு முந்தைய நிலையைத்தான் அவற்றால் சொல்ல முடியும். தீக்குச்சியோ மீத்தேனில் வெடிக்கும். வாயு அளவுமானி மட்டுமே அளவைச் சொல்லும்.

'முகக்கவசம் கொடுத்திருந்தோம்' என்பது ஒப்பந்தக்காரர்கள் தரும் வழக்கமான விளக்கம். துணிக்கவசமும் தூசுக்கவசமும் வாயுவை வடிகட்டா. வாயுவை வடிகட்டும் கவசமே இருந்தாலும், காற்றில் இல்லாத ஆக்சிஜனை அது உண்டாக்கிவிடாது. முதுகில் சுமக்கும் சுவாச உருளையோ, மேலிருந்து குழாய்வழி காற்று தரும் கருவியோ மட்டுமே உயிரைக் காக்கும்.

இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள்

நம் செய்தித்தாள்களில் 'மூவர் பலி', 'தந்தை, மகன் பலி' என்று வருவதைப் பார்க்கிறோம். முதலில் இறங்கியவர் விழுகிறார். தம்பி இறங்குகிறார். பிறகு மகன், அல்லது பக்கத்து வீட்டுக்காரர். குறுகிய மூடிய இடங்களில் நிகழும் இறப்புகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986இல் நியோஷ் எச்சரித்தது. அது அமெரிக்கக் கணக்கு. இங்கே சாதி அதோடு சேர்கிறது. உடன் வேலை செய்பவர் உறவினராகவே இருப்பது தற்செயல் அல்ல. குழிக்குள் இறங்க ஆள் எடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரே தெருவிலிருந்து, ஒரே சாதியிலிருந்து. தமிழ்நாட்டில் மிகப் பெரும்பாலும் அருந்ததியர் குடியிருப்புகளிலிருந்து. மீட்புக் குழு வரும் வரை காத்திரு என்று ஒரு தம்பியிடம் யார் சொல்ல முடியும்?

சாதி வேலைகளைப் பிரித்ததோடு நிற்கவில்லை, மனிதர்களையே பிரித்து அடுக்கி வைத்தது என்பதை 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் விளக்கினார். அந்த அடுக்கு இங்கே உடற்கூராய்வு மேசை வரை வருகிறது. ஒரே வாயு, ஒரே குழி, ஒரே குடும்பம்.

இதில் உயிர் தப்புகிறவர்களை நாம் மறந்துவிடுகிறோம். மயங்கி விழுந்து மீட்கப்பட்டவருக்கு உடனே முழு ஆக்சிஜன் தரவேண்டும், மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம். நினைவாற்றல் குறைவு, நடையில் தடுமாற்றம், தலைவலி ஆகியவை நீடிக்கலாம். 'சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார்' என்ற வரியோடு அவர் கதை முடிவதில்லை.

'குடித்திருந்தார்'

சாவு நடந்த அன்று மாலைக்குள் இந்தச் சொல் வந்துவிடும். குடித்திருந்ததால் தவறி விழுந்தார் என்பார்கள். நாம் சொல்லவேண்டிய பதில்கள் மூன்று. முதலாவது, மேலே சொன்ன அளவுகளில் குடிக்காத மனிதரும் ஒன்றிரண்டு மூச்சில் விழுவார். ஹைட்ரஜன் சல்பைடு இரத்தத்தில் மது இருக்கிறதா என்று கேட்டுக் கொல்வதில்லை. இரண்டாவது, உடல் அழுகத் தொடங்கும்போது பாக்டீரியாக்கள் தாமே ஆல்கஹாலை உண்டாக்கும். தாமதமாக எடுக்கப்பட்ட இரத்த மாதிரியில் சிறிதளவு ஆல்கஹால் இருப்பது, அவர் குடித்தார் என்பதற்குத் தனித்துச் சான்றாகாது. மூன்றாவது, உண்மையிலேயே குடித்திருந்தாலும், மலத்துக்குள் முழுகி வேலை செய்ய ஒருவரை அனுப்பியவரின் குற்றம் அதனால் குறைந்துவிடாது.

இந்தத் தந்திரம் நமக்கு மட்டுமானதல்ல. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃபிளாயிட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு காவலர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை அழுத்தி வைத்திருந்தார். வழக்கில் எதிர்த்தரப்பு பேசியது ஃபிளாயிடின் இதய நோயைப் பற்றியும் அவர் உட்கொண்ட போதைப்பொருளைப் பற்றியும்தான். நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின் சாட்சிக்கூண்டில், குப்புறக் கிடத்தி அழுத்தப்பட்ட மனிதருக்கு நெஞ்சு விரிய இடமில்லாமல் போனதைப் படிப்படியாக விளக்கினார். ஆரோக்கியமான ஒருவரும் அந்த நிலையில் இறந்திருப்பார் என்பதே அவர் சாட்சியத்தின் சாரம். 2021 ஏப்ரலில் நடுவர்கள் அந்தக் காவலரைக் குற்றவாளி என்றார்கள். செத்தவரின் உடம்பில் குறை தேடுவதை நிறுத்தி, அவருக்குச் செய்யப்பட்டதைப் பார்க்க வைத்தது மருத்துவ அறிவு.

பிணவறையில் என்ன கிடைக்கும்?

வீங்கிய, நீர் கோத்த நுரையீரல். நீலம் பாய்ந்த உதடும் நகமும். உறுப்புகளின் மேல் சிறுசிறு இரத்தப் புள்ளிகள். உடற்கூராய்வில் இவை காணப்பட்டால் 'மூச்சுத்திணறல்' என்று எழுதுவது வழக்கம். ஆனால் இவை எத்தனையோ வகைச் சாவுகளில் வரக்கூடியவை. வாயுவைக் குறிப்பாகச் சுட்டும் தடயங்கள் வேறு.

ஹைட்ரஜன் சல்பைடால் இறந்த சிலரின் மூளையிலும் உள்ளுறுப்புகளிலும் பச்சை நிறம் படிந்திருக்கும். சட்டைப்பையிலுள்ள நாணயம், கையிலுள்ள வெள்ளி மோதிரம், செம்புக் காப்பு ஆகியவை கறுத்துப்போயிருக்கலாம். அதனால் உடைகளையும் பொருட்களையும் குடும்பத்தாரிடம் கொடுத்து எரித்துவிட விடக்கூடாது. இரத்தத்திலும் சிறுநீரிலும் தயோசல்ஃபேட் என்ற பொருளைத் தேடுவது பயனுள்ள சோதனை. ஆனால் காலம் எதிரி. உடல் அழுகும்போது சல்பைடு தானாகவே உண்டாகிறது. எனவே மாதிரிகளை விரைவாக எடுக்க வேண்டும், காற்றுப் புகாத குப்பியில் உறைகுளிரில் வைக்க வேண்டும். நஞ்சு தேடுவதற்காக இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை உப்புக்கரைசலில் போட்டு அனுப்புவது வழக்கமான நடைமுறை. வாயுவைத் தேட அது போதாது.

மூச்சுக்குழாயின் கிளைகளுக்குள் கசடும் மணலும் இருக்கின்றனவா என்பது இன்னொரு முக்கியமான கேள்வி. இருந்தால், அவர் விழுந்தபோது மூச்சு இருந்தது, கழிவை உள்ளிழுத்து மூழ்கி இறந்தார் என்று பொருள் கொள்ள இடமுண்டு. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் மேலே ஆளும் இடுப்புக் கயிறும் இருந்திருந்தால் அவரை உயிரோடு இழுத்திருக்க முடியும் என்பதற்கான சான்று அது.

எல்லாவற்றையும்விட உறுதியான சான்று குழியின் காற்று. தீயணைப்புத் துறையோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அன்றே அளந்து பதிய வேண்டும். மறுநாள் அந்தக் காற்று இருக்காது. நாட்டின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் இதே சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அவ்வளவு நீண்ட மரபுள்ள ஊரில், ஆய்வகத்துக்குச் சரியான மாதிரி போகவில்லை என்பதால் 'நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வருமானால், வாயுவே இல்லை என்று அதற்கு அர்த்தமாகாது.

படிவத்தின் கடைசி வரி

மருத்துவமனை இறப்புகளுக்கான மருத்துவச் சான்றுப் படிவம் 4ஐ மாணவர்கள் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் மூன்று வரிகள் உண்டு. (அ) உடனடிக் காரணம், (ஆ) அதற்கு இட்டுச்சென்ற காரணம், (இ) அடிப்படைக் காரணம். இதயச் செயலிழப்பு போன்ற சாகும் விதத்தை எழுதாதே, சாவை உண்டாக்கிய நோயையோ காயத்தையோ எழுது என்று அந்தப் படிவமே அறிவுறுத்துகிறது. இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா என்றும், காயம் எப்படி நேர்ந்தது என்றும் அது கேட்கிறது.

ஒரு மலக்குழி மரணத்தை அந்த ஒழுங்கில் எழுதிப் பாருங்கள். (அ) ஆக்சிஜன் பற்றாக்குறையால் மூளைப் பாதிப்பு. (ஆ) ஹைட்ரஜன் சல்பைடு நச்சு. (இ) வாயு நிறைந்த கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவியின்றி இறங்கியது. மருத்துவரின் வேலை இங்கே முடியலாம். அடுத்த வரியைக் காவல்துறை எழுதவேண்டும்: இறக்கியவர் யார்? அதற்கும் அடுத்த வரி நம்முடையது: ஏன் எப்போதும் அவர்களே இறக்கப்படுகிறார்கள்? 'விஷவாயு தாக்கி' என்று எழுதும்போது வாயு எழுவாயாகிவிடுகிறது. கூலி பேசியவர், மூடியைத் திறந்தவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யாருமே அந்த வாக்கியத்தில் இல்லை.

சட்டம் அவர்களைத் தேடச் சொல்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எந்தத் தனிநபரும் உள்ளாட்சி அமைப்பும் முகமையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆபத்தான முறையில் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக்கூடாது என்கிறது. வீட்டு உரிமையாளரும் இதில் அடக்கம். 9ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம் இது. ஆனால் பாதுகாப்புக் கருவி தராமல் செய்விப்பதையே 'ஆபத்தான சுத்தம்' என்று சட்டம் வரையறுப்பதால், கருவி தரப்படவில்லை என்பதற்கான சான்று வழக்கின் உயிர்நாடி.

இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவைச் சேர்க்க வலியுறுத்த வேண்டும். அது சேர்ந்தால் விசாரணை துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் போகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அதாவது கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்பதோடு காவல் நிலையம் நிறுத்திக்கொள்ளப் பார்க்கும். ஆபத்து தெரிந்தே இறக்கிய இடங்களில் 105ஆம் பிரிவை நாம் கேட்க வேண்டும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் வழக்கில் உச்சநீதிமன்றம், 1993 முதல் நடந்த எல்லா மலக்குழி மரணங்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம், மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல். உயிர் தப்பியவர்களின் மருத்துவப் பதிவுகள் ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கிலேயே, 1993க்குப் பிறகு 200க்கும் மேற்பட்ட சாவுகளோடு தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. 'தவறி விழுந்தார்' என்று எழுதப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

முதல் நாளில் செய்யவேண்டியவை

தகவல் வந்ததும் நாம் ஆவேசமாகப் போய் நிற்கிறோம். அது தேவைதான். அதோடு இவற்றையும் செய்ய வேண்டும்.

1. யாரும் குழிக்குள் குதிக்க விடாதீர்கள். தீயணைப்புத் துறையை 101 அல்லது 112இல் அழையுங்கள். சுவாச உருளையோடு வரச் சொல்லுங்கள்.

2. குழி, மூடி, ஏணி, வாளி, கயிறு, கிடக்கும் அல்லது கிடக்காத பாதுகாப்புக் கருவிகள், கழிவுநீர் வண்டியின் பதிவு எண் ஆகியவற்றைப் படமெடுங்கள். குழியை உடனே மூடிவிடாமல் தடுத்து, காற்றை அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

3. யார் கூப்பிட்டார், எவ்வளவு கூலி பேசினார் என்பதற்கான கைப்பேசி அழைப்புப் பதிவையும் செய்திகளையும் பாதுகாத்து வையுங்கள். உடனிருந்த தொழிலாளியின் வாக்குமூலத்தை நடுவர் முன் பதிவுசெய்யக் கோருங்கள்.

4. உடற்கூராய்வுக்கு முன்பே மருத்துவரிடமும் காவல் ஆய்வாளரிடமும் மனு கொடுங்கள்: காணொளிப் பதிவு, வாயு நச்சுக்கான இரத்தம், சிறுநீர், நுரையீரல், மூளை மாதிரிகள், மூச்சுக்குழாயில் கசடு பற்றிய குறிப்பு, உடைமைகளைப் பாதுகாத்தல். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

5. வெற்றுத்தாளில் குடும்பத்தார் கையெழுத்திட வேண்டாம். எழுதியதை அவர்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.

6. 'இரசாயன ஆய்வு அறிக்கை வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது' என்று முதல் அறிக்கை வரலாம். அதைத் தேதியோடு குறித்து வையுங்கள். இறுதிக் கருத்தை வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அலைச்சலைக் குடும்பத்தின் மேல் விட்டுவிடாதீர்கள்.

தோழர்களே, மாணவ நண்பர்களே, நான் ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். உங்கள் மாவட்டத்தில் நடந்த ஒவ்வொரு மலக்குழி மரணத்துக்கும் ஐந்து காகிதங்களைச் சேகரியுங்கள்: முதல் தகவல் அறிக்கை, உடற்கூராய்வு அறிக்கை, இரசாயன ஆய்வு அறிக்கை, இறப்புச் சான்று, இழப்பீட்டு ஆணை. ஐந்தையும் அருகருகே வைத்து வாசியுங்கள். ஒன்றில் 'வாயு' என்றும் மற்றொன்றில் 'தவறி விழுந்து' என்றும், ஒன்றில் 'ஒப்பந்தத் தொழிலாளி' என்றும் மற்றொன்றில் 'தானாக இறங்கினார்' என்றும் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த முரண்பாடுகளைப் பட்டியலிடுவதே ஒரு நல்ல ஆய்வேடு. நீதிமன்றத்துக்கும் அது பயன்படும்.

எனக்குக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் வீட்டுக்கு, விவரம் தெரிந்துகொண்ட பிறகு போனேன். இன்று உங்களுக்குச் சொன்னதை அவருக்கும் மகளுக்கும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவரு மூச்சுல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றார். இல்லை என்றேன். மகள் அந்தக் காகிதத்தை வாங்கி, 'அஸ்ஃபிக்ஸியா' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தாள். அந்தக் காகிதத்தின் நகல் என் கோப்பில் இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஜெய்பீம்.